சித்தப்பா உண்டா? கோடைக்கால விடுதி வார்டனியலுக்கு ஒரு தோற்றுவாய்

ஆய்வின் தேவை

தமிழில் ஆராயப்படாத பொருள் ஒன்று பாக்கியிருக்கிறது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். சங்க இலக்கியத்தில் நீர் மேலாண்மை ஆகிவிட்டது. மனிதவள மேலாண்மையும் ஆகிவிட்டது. திருக்குறளில் இல்லாத துறை எது என்று தேடிப்போனவர்கள், அப்படி ஒன்றும் இல்லை என்ற அரிய முடிவோடு பட்டம் வாங்கித் திரும்பிவிட்டார்கள். இவ்வளவுக்குப் பிறகும் ஒரு ஜீவன் விடுபட்டுப் போயிருக்கிறது. பல்கலைக்கழகங்கள் மே மாதத்தில் நடத்தும் கோடை வகுப்புக்கு வெளியூர்ப் பையன்கள் வந்து தங்கும்போது, அவர்களோடு கூடவே தங்கி, இரவில் கதவைப் பூட்டி, காலையில் திறந்து, நடுவில் தூங்காமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்குகிற ஜீவன். நியமன ஆணையில் அதன் பெயர் 'உறைவிட ஆலோசகர்'. பையன்கள் கூப்பிடுவது 'வார்டன் சார்'. முதுகுக்குப் பின்னால் கூப்பிடுவது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

இந்தப் பெயர்களை வைத்துச் சொல்லாராய்ச்சி செய்யும் உத்தேசம் இல்லை. அந்தக் கிணற்றில் இறங்கியவர்கள் வேரைப் பிடித்துக்கொண்டுதான் மேலே வந்தார்கள். தண்ணீர் கொண்டுவந்தவர் எவருமில்லை.

ஆய்வாளனின் தகுதி: தமிழ்த்துறை முனைவர் பட்ட ஆய்வாளன், உதவித்தொகை வரவேண்டிய மாதத்தில் வராதவன். ஆகவே ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகம் கோபாலபுரத்தில் வாடகைக்கு எடுத்திருந்த பழைய மாடிவீட்டில் ஒரு கோடை முழுவதும் வார்டனாக இருந்தவன். ஆய்வு முறை, பங்கேற்று உற்றுநோக்கல். அதாவது, எனக்கும் வெளியே போக அனுமதி இல்லை. முதல் கருதுகோள், 'பையன்கள் பொய் சொல்கிறார்கள்' என்பது. முன்பே நிறுவப்பட்டுவிட்டதால் அது கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக எடுத்துக்கொண்ட கருதுகோள் தலைப்பில் இருக்கிறது.

இதன் சுருக்கம் ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கில் வாசிக்கப்பட்டது. பன்னாடு என்றதற்குக் காரணம், தலைமை தாங்கியவருடைய மகன் சிங்கப்பூரில் இருக்கிறார். ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். நான்கு நிமிடம் மேடையில் இருந்தவர்களுக்கு வணக்கம் சொல்வதில் போயிற்று. பை நல்ல பை.

முன்னாய்வுகள்

கூட்டமாகத் தங்கிப் படிக்கிற பிள்ளைகளை மேய்க்கும் தொழில் புதிதல்ல. சீனத்து யிஜிங் ஏழாம் நூற்றாண்டில் நாளந்தாவில் சுமார் பத்தாண்டு தங்கியவர். மடத்தின் பக்கத்தில் பத்துக்கு மேற்பட்ட பெரிய குளங்கள் இருந்தன, தினம் காலையில் குளிக்கும் நேரம் வந்ததும் மணி அடிப்பார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார். அவரை நான் மிகவும் மதிக்கிறேன். தத்துவம் படிக்கப் போன இடத்தில் குளியல் மணியைக் குறித்துக்கொள்ளத் தோன்றியது பாருங்கள், அதுதான் ஆய்வாளர் மனம். ஆனாலும், மணி அடித்த பிறகும் எழுந்திருக்காதவனை என்ன செய்தார்கள் என்ற முக்கியமான செய்தியை விட்டுவிட்டார்.

நம் பக்கத்தில், விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. இளைய மாணவர் 270, மூத்தவர் 70, ஆக 340 பேருக்கும், கற்பிப்பவர் 14 பேருக்கும் நெல் அளந்து கொடுத்த கணக்கு அது. வேதம் இத்தனை பேர், இலக்கணம் இத்தனை பேர், மீமாம்சை இத்தனை பேர் என்று பிரித்துச் சொல்கிறது. வார்டன் என் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை. அப்போதே நிலைமை இதுதான்.

காஞ்சிபுரம் மாவட்டத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு இன்னும் பெரிய புதையல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடத்தில், வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில், வீரராசேந்திரன் காலத்தில் வெட்டியது. பள்ளி, விடுதி, 15 படுக்கை கொண்ட ஆதுலர்சாலை, அதற்கு ஒரு வைத்தியர், ஒரு அறுவை வைத்தியர், மூலிகை கொண்டுவர ஆள், நோயாளியைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள், ஒரு நாவிதர், எல்லாம் உண்டு. மாணவர் படுக்கப் பாய் உண்டு. ராத்திரி விளக்குக்கு எண்ணெய் உண்டு. தலைக்குத் தேய்த்துக் குளிக்க 51 சனிக்கிழமைக்கு எண்ணெயும் உண்டு.

51. இங்கேதான் அறிஞன் விழித்துக்கொள்ள வேண்டும். நம் நாட்காட்டியில் ஆண்டுக்குச் சனிக்கிழமை 52. மீதி ஒன்று எங்கே போயிற்று? சாந்திரமான ஆண்டுக்கு 354 நாள்தான், அதில் ஐம்பதோ ஐம்பத்தொன்றோ சனிக்கிழமைதான் வரும் என்று சொல்லி ஒரே வரியில் முடித்துவிடலாம். ஒரே வரியில் முடிவது ஆய்வாகாது. கற்றச்சர் ஒரு கோடு விட்டுவிட்டார் என்பது ஒரு கட்சி. எண்ணெய்ச் செட்டியாரிடம் கோயில் நிர்வாகம் ஒரு சனிக்கிழமையைத் தள்ளுபடி வாங்கிக்கொண்டது என்பது இன்னொரு கட்சி. மெஸ் கணக்குப் பார்த்தவர்கள் இதற்குத்தான் வாக்களிப்பார்கள். என் துணிபு வேறு: அந்த ஐம்பத்திரண்டாவது சனிக்கிழமை மாணவர் யாரும் விடுதியில் இல்லை. சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

களம்

கோபாலபுரம். வடக்கே ராயப்பேட்டை, தெற்கே கதீட்ரல் சாலை. அவ்வை சண்முகம் சாலை என்று பெயர்ப்பலகை சொல்லும். ஆட்டோக்காரர் லாயிட்ஸ் ரோடு என்பார். இரண்டும் ஒன்றென்று தெரியாத பெற்றோர் பெட்டியோடு நடுத்தெருவில் நிற்பார்கள். அவர்களுக்கு வழி சொல்ல ஒரே முறைதான் உண்டு. நான்காவது தெருவில் வேணுகோபாலசுவாமி கோயிலை ஒட்டிக் கலைஞர் அறுபது ஆண்டுக்கு மேல் வாழ்ந்த வீடு. அங்கிருந்து இடம், வலம், நேர் என்று கணக்கிட்டால் இந்தப் பேட்டையில் எந்த வீட்டுக்கும் போகலாம். எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் இப்படித்தான் வழி கேட்கிறார்கள்; நிலநூலில் கட்சி இல்லை.

விடுதிக்கு இதைவிட மோசமான இடத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. நடக்கிற தூரத்தில் சத்யம் தியேட்டர். இன்னும் கொஞ்சம் நடந்தால் எக்ஸ்பிரஸ் அவென்யூ. கிழக்கே போய்க்கொண்டே இருந்தால் மெரினா. தெற்கே, டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் இருந்த இடத்தில் 2010ல் திறந்த செம்மொழிப் பூங்கா. செம்மொழியின் எதிர்காலம் பற்றிக் கவலைப்படும் பேராசிரியர்கள் ஒரு மாலை அங்கே போய்ப் பார்க்க வேண்டும்; பெஞ்சுக்கு இரண்டு பேராக இளைஞர்கள் எவ்வளவு ஆழ்ந்திருக்கிறார்கள்.

வெப்பம் பற்றி: நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி. நான் இருந்த ஆண்டு அவ்வளவு இல்லை என்றார்கள். ஏ.சி. வகுப்பறையில் மட்டும் இருந்தது. பையன்களுக்குப் பாடத்தில் இவ்வளவு ஈடுபாடா என்று நிர்வாகம் பூரித்துப்போயிற்று.

உணவு

சாம்பார்.

கொசு

உண்டு.

ஆலோசனை

நியமன ஆணைப்படி இதுதான் என் வேலை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இந்தப் பதவிக்கு வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பார்கள். ஒருவர் அழுகிற மாணவராக நடிப்பார், மற்றவர் தலையை ஆட்டிக் கேட்பார். எனக்கும் ஒரு மதியம் அது நடந்தது. அழுதவர் கணக்குப் பிரிவு ஊழியர். உண்மையாகவே அழுதாரோ என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

கோடை முழுவதும் என்னிடம் வந்த உளவியல் சிக்கல்களைத் தொகுத்தால்: சார், மோட்டார் போடுங்க. சார், டைப்-சி சார்ஜர் இருக்கா. சார், கேன்ல தண்ணி தீர்ந்துபோச்சு. சார், மேல் பெர்த்துல படுக்கிறவன் புரண்டா கட்டில் கத்துது. ஒரு முறை நள்ளிரவு தாண்டி ஒரு திருநெல்வேலிப் பையன் கதவைத் தட்டினான். முகம் வாடியிருந்தது. உட்காரச் சொன்னேன். பேசாமல் இருந்தான். நானும் பயிற்சியில் சொன்னபடி பேசாமல் இருந்தேன். கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சார், வைஃபை பாஸ்வேர்ட மாத்திட்டீங்களா?" என்றான்.

வாளி

குளியலறை வரிசை பற்றி விரிவாக எழுதலாம்; ஒரு கோட்பாட்டோடு நிறுத்திக்கொள்கிறேன். மாடிக்கு இரண்டு குளியலறை. காலை ஐந்தரைக்கே கதவின் முன்னால் வாளிகள் வரிசையில் நிற்கும். ஆள் இருக்கமாட்டான். வாளி முதல் மாடியில், உரியவன் மூன்றாம் மாடியில் தூக்கத்தில். இதை எப்படிப் படிப்பது? நச்சினார்க்கினியர் வழி காட்டியிருக்கிறார். பத்துப்பாட்டு உரையில் ஓரிடத்துச் சொல்லைப் பல அடி தாண்டியிருக்கும் இன்னொரு சொல்லோடு கொண்டுபோய்ச் சேர்த்துப் பொருள் சொல்வார்; 'மாட்டு' என்று அதற்கு இலக்கணமும் உண்டு. பாட்டை இப்படிப் பிய்த்துப் போடலாமா என்று மறைமலையடிகள் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியில் கோபித்துக்கொண்டார். அடிகள் விடுதியில் வார்டனாக இருந்ததில்லை. சிவப்பு வாளியை மூன்றாம் மாடி ஜன்னலோரக் கட்டிலோடு மாட்டிப் பொருள்கொள்ளத் தெரியாதவன் காலை ஆறரைக்குள் ஒருவனையும் குளிப்பாட்டி வகுப்புக்கு அனுப்ப முடியாது. உச்சிமேற் புலவர்கொள் நச்சினார்க்கினியர் என்று ஒரு விருது சொல்வார்கள். விடுதியில் இருந்திருந்தால் அதற்கு மேலும் கொடுத்திருப்போம்.

சித்தப்பா

இனி ஆய்வின் மையம்.

வாயிற்பதிவேடு என்பது நீள நோட்டு. பெயர், அறை எண், போகும் நேரம், திரும்பிய நேரம், கையெழுத்து என்று கட்டங்கள்; அவற்றுக்கு நடுவில் 'காரணம்' என்று ஒரு கட்டம். ஞாயிற்றுக்கிழமை தோறும் இந்தக் கட்டத்தில் ஒரே சொற்றொடர் ஒருவன் கீழ் ஒருவனாகப் பக்கம் முழுவதும் இறங்கிப் போகும்: சித்தப்பா வீடு. (வாயிற்பதிவேடு, பக். 4.) இரண்டாமவன் முதல் பையனின் எழுத்தைப் பார்த்து மேற்படிக்குறி போட்டிருக்கிறான், மூன்றாமவன் மேற்படிக்குறிக்கு மேற்படிக்குறி போட்டிருக்கிறான். (மேலது, சாம்பார்க் கறைக்குச் சற்றுக் கீழே.) இதன்படி ஈரோடு, கம்பம், திருநெல்வேலி, அறந்தாங்கி ஆகிய ஊர்களைச் சேர்ந்த, ஒருவரை ஒருவர் அறியாத பையன்களுக்குப் பொதுவாக ஒரு சித்தப்பா இருந்திருக்க வேண்டும். அல்லது சித்தப்பாக்கள் பலர் ஒரே நாளில் ஒரே நேரத்தில் விருந்து வைத்திருக்க வேண்டும்.

ஏன் சித்தப்பா? ஏன் மாமா இல்லை? லூயி துமோன் மதுரைப் பக்கம் பிரமலைக் கள்ளர் நாட்டில் தங்கித் தென்னிந்திய உறவுமுறையை ஆராய்ந்தவர். மாமன் மச்சான் முறையைப் பற்றி அவர் எழுதியதை வைத்து இரண்டு மூன்று தலைமுறை பேராசிரியர்கள் பதவி உயர்வு பெற்றார்கள். ஆனால் சித்தப்பாவின் கோடைகாலப் பயன்பாட்டை அவர் தொடவில்லை. எனவே நானே நிரப்புகிறேன். மாமா வீடு என்று எழுதினால் வார்டன் சந்தேகப்பட்டு மாமாவுக்குப் போன் போடுவார். மாமா உடனே தங்கைக்குப் போன் போடுவார். வீட்டில் அழுகை தொடங்கிவிடும். அத்தை வீடு என்றால் திரும்பும்போது கையில் ஒரு தூக்குவாளி இருக்க வேண்டும், அத்தைகள் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. பெரியப்பா என்றால் வார்டனுக்கே பயம். சித்தப்பாவோ அப்பா ஸ்தானம். பதிவேட்டுக்கு அது போதும். அப்பா அளவுக்கு அதட்டமாட்டார். பையனுக்கு அது போதும்.

சித்தப்பாக்களின் குடியிருப்புப் பரவலிலும் ஓர் ஒழுங்கு தெரிகிறது. வேளச்சேரிச் சித்தப்பா ஒரு படத்துக்கு உரியவர். தாம்பரம் சித்தப்பா, படமும் பிரியாணியும். ஆவடிச் சித்தப்பா, படமும் பிரியாணியும் மெரினாவும். கேளம்பாக்கத்துச் சித்தப்பா 'ராத்திரி தங்கிட்டுப் போகச் சொல்றார் சார்' என்பவர். மயிலாப்பூரில் யாருக்கும் சித்தப்பா இல்லை. வார்டன் நடந்துபோய்ப் பார்த்துவிடக்கூடிய தூரத்தில் சித்தப்பா என்ற உயிரினம் வாழ்வதில்லை என்பது இவ்வாய்வின் முதன்மையான கண்டுபிடிப்பு. இதை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். என் நெறியாளர் பெயரை முதலில் போட்டுவிட்டு என் பெயரைப் பிறகு போட வேண்டும், அது மரபு.

சட்டத்தைப் பார்ப்போம். மகளிரும் சிறாரும் தங்கும் விடுதிகளை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் 2014ல் ஒரு சட்டம் வந்தது. விடுதி நடத்த மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்க வேண்டும். எத்தனையோ வரையறைகள். நான் படித்தவரையில் சித்தப்பாவுக்கு வரையறை கிடையாது. அந்த இடைவெளியில்தான் அவர் குடியிருக்கிறார்.

எழுத்தியல் சான்றுக்கு வருகிறேன். திரும்பிய நேரம் பல இடங்களில் 8.40 என்றிருக்கிறது. கதவு மூடுவது 9 மணி. உற்றுப் பார்த்தால் 8 என்ற எண்ணின் கீழ்ச் சுழி மட்டும் வேறு மையில் இருக்கிறது. மூலபாடம் 9.40, கீழே ஒரு சுழியைக் கூட்டியது பிற்காலத்துக் கை. (வாயிற்பதிவேடு, பக். 11, நீல மை அடுக்கு. டீ டம்ளர் வட்டத்துக்கு வடகிழக்கே, தாளை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து வாசிக்கவும்.) வாட்ச்மேன் தாத்தாவைக் கேட்டால், "எட்டரைக்கே வந்துட்டானுங்க தம்பி" என்பார். (வாட்ச்மேன் வாய்மொழி மரபு, தென்பாடம், இரண்டாவது பீடிக்குப் பின் சொன்னது. முதல் பீடிக்கு முன் சொன்ன வடபாடத்தில் 'பத்தாவது ஆயிருக்கும்' என்றிருந்தது. நடுவில் பீடிக்கட்டு ஒன்று புதிதாக வந்து சேர்ந்திருப்பதைப் பதிப்பாசிரியர் கவனித்தார். யார் கொடுத்தது என்பதைக் காட்டும் ஏடு சிதிலம்.) தொல்காப்பியர் காலத்தைக் கிறிஸ்துவுக்கு முன்னால் பல நூற்றாண்டும் பின்னால் ஐந்து நூற்றாண்டும் இழுத்துப் பார்த்து, இரண்டு முனையிலும் தலா ஒரு துறைத்தலைவரை உட்காரவைத்திருக்கிற நாட்டில், ஒரு பையன் எட்டரைக்கு வந்தானா பத்துக்கு வந்தானா என்பதில் அறிஞரிடையே கருத்துவேறுபாடு இருப்பது இயல்பே.

பொருளுண்மையை நிறுவ அளவை வேண்டும். மணிமேகலை வஞ்சி மாநகரில் சமயக்கணக்கரைக் கேட்டுக்கொண்டு வரும்போது முதலில் எதிர்ப்படும் அளவைவாதி பத்து அளவைகளைச் சொல்கிறான். கோபாலபுரத்துக்குச் சிலவே போதும். முதலாவது காண்டல்: சித்தப்பாவைக் கண்டவர் இல்லை. அடுத்தது கருதல். புகையைக் கண்டு நெருப்பைக் கருதுவதுபோல, சட்டையில் வெண்ணெய்ப் பாப்கார்ன் வாசனை கண்டு தியேட்டரைக் கருதினேன். "சித்தப்பா வீட்ல பொரிச்சாங்க சார்" என்று பதில் வந்தது. உவமம்: எல்லாச் சித்தப்பாவும் பேங்க்கில் வேலை. அருத்தாபத்தி கொஞ்சம் நுட்பமானது. பகலில் சாப்பிடாத தேவதத்தன் பருத்திருந்தால், ராத்திரி சாப்பிடுகிறான் என்று கொள்ள வேண்டும் என்பார்கள். நம் தேவதத்தன் ஞாயிறு ராத்திரி மெஸ்ஸுக்கு வராமலே ஏப்பம் விட்டான். எனவே எங்கோ சாப்பிட்டிருக்கிறான். எங்கே என்பதில் இரண்டு பள்ளிகள்: தாம்பரப் பள்ளி, ராயப்பேட்டைப் பள்ளி. பின்னதற்கு ஆதாரம் அவன் பாக்கெட்டிலிருந்து விழுந்த பில். அதற்கும் அவன் உரை வைத்திருந்தான்: "சித்தப்பாதான் சார் வாங்கிக் கொடுத்தார்."

ஐதிகம் என்று ஒன்று உண்டு. இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்று ஊர் சொன்னால் இருக்கிறது என்றே கொள்வது. சாத்தனார் தருகிற எடுத்துக்காட்டே அதுதான். இதன்படி சித்தப்பா உண்டு.

பதிலுக்கு அறிவியல் சான்று கேட்டேன். 'லைவ் லொக்கேஷன் போடு' என்று ஈரோட்டுப் பையனுக்குச் செய்தி அனுப்பினேன். போட்டான். நீலப்புள்ளி மெரினாவில், கரையைத் தாண்டி, தண்ணீருக்குள் சற்றுத் தூரத்தில் நின்றது. சித்தப்பா கடலில் வசிக்கிறார் என்றால் அவர் வருணன், வழிபடத்தக்கவர். "ஜிபிஎஸ் மிஸ்டேக் சார்" என்றான். ஆய்வில் கருவிப்பிழைக்கு இடம் கொடுத்தே ஆக வேண்டும்.

கடைசியாக ஆகமம். தாயைவிடப் பெரிய பிரமாணம் இல்லை என்று அவன் அம்மாவுக்கே போன் செய்தேன். "தாம்பரத்துல என் கொழுந்தனார் இருக்காருங்க சார்" என்றார். நிமிர்ந்து உட்கார்ந்தேன். "ஆனா சொத்துப் பிரிச்சதுலேர்ந்து பேச்சுவார்த்தை இல்லைங்க. பாரத்துல உள்ளூர்க்காரர் பேரு ஒண்ணு கேட்டாங்களேன்னு எழுதி வெச்சோம்." ஆக, பொருள் உண்டு, தொடர்பு இல்லை. இது எந்தத் தரிசனத்திலும் சேராத நிலை. அன்றிரவு எழுதிவைத்த முடிவுரை இப்படித் தொடங்கியது: 'சித்தப்பா என்பது பொருள் அன்று, ஒரு வேற்றுமை உருபு. தனித்து நிற்காது, பையனை வெளியுலகத்தோடு இணைக்கும்.' எனக்கே அது மிகவும் பிடித்திருந்தது.

காண்டல்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணிக்குக் கதவில் ஒருவர் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, கையில் முறுக்குப் பொட்டலம், ஒரு சீப்பு பூவன் பழம். "சார், ஈரோட்டுப் பையன் இருக்கானா? நான் அவன் சித்தப்பா, தாம்பரத்துலேர்ந்து வரேன்."

வாட்ச்மேன் தாத்தா எழுந்து நின்றுவிட்டார். நான் பதிவேட்டைப் பார்த்தேன். பையன் மாலை மூன்று மணிக்குப் போயிருந்தான். காரணம்: சித்தப்பா வீடு.

இத்தகைய சூழ்நிலையில் பயிற்சி பெற்ற அறிஞன் செய்ய வேண்டியது என்ன என்பது எனக்குத் தெரியும். தன் கொள்கைக்கு ஒத்துவராத அடி ஒன்று மூலநூலில் எதிர்ப்பட்டால் அது இடைச்செருகல். ஆகவே இவர் இடைச்செருகல். நடையும் பிற்காலத்தது, பேங்க்கிலும் வேலை இல்லை, ரயில்வே என்றார். எந்தப் பழைய படியிலும் இவர் காணப்படவில்லை. இப்படி நான் உள்ளுக்குள் நிறுவிக்கொண்டிருக்கும்போதே இடைச்செருகல் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, போனை எடுத்து என்னிடம் காட்டியது.

பல்கலைக்கழகக் கணினி செய்த வேலை அது. பையன் வெளியே போகும்போதெல்லாம் லோக்கல் கார்டியன் எண்ணுக்குத் தானாக ஒரு குறுஞ்செய்தி போயிருக்கிறது: தங்கள் பிள்ளை தங்கள் இல்லத்துக்குப் புறப்பட்டுவிட்டார். முதல் வாரம் தவறான எண் என்று நினைத்தாராம். இரண்டாம் வாரம் சித்தி வெண்டைக்காய்ப் பொரியல் செய்து வைத்துக்கொண்டு ஒன்பது மணி வரை வாசலைப் பார்த்திருக்கிறார். "அண்ணனுக்கும் எனக்கும்தான் சார் ஆகாது. புள்ளைக்கு என்ன? வழி தெரியாம நிக்கிறானோன்னு நானே வந்துட்டேன்."

பையன் எங்கே என்று அவர் கேட்கவில்லை. பதிவேடு மேசைமேல் திறந்தே கிடந்தது. அவருக்கும் தமிழ் படிக்கத் தெரியும்.

8.40க்குப் பையன் வந்தான். அசல் 8.40, வாட்ச்மேனின் கடிகாரமே சாட்சி. உள்ளே நுழையும்போதே வாய் பழக்கத்தில் ஓடியது: "இப்பதான் சார், சித்தப்பா வீட்லேர்ந்து..." நாற்காலியைப் பார்த்தான். அப்பாவின் மூக்கு, அப்பாவின் நெற்றி. முகத்தில் ரத்தம் இறங்கிப்போயிற்று. நான் பேனாவை எடுத்தேன்.

"ஆமா சார்," என்றார் அவர், சற்றும் யோசிக்காமல். "வீட்லதான் இருந்தான். சித்தி சாப்பாடு போட்டு அனுப்பினா. முறுக்க மறந்து வெச்சுட்டு வந்துட்டான், அதான் பின்னாடியே நானும் வந்தேன்."

ஒன்றரை மணி நேரமாக என் எதிரில் உட்கார்ந்திருந்த மனிதர். கண் இமைக்கவில்லை. இடைச்செருகல் கொள்கையை அந்த இடத்திலேயே வாபஸ் வாங்கினேன். இப்படி ஒரு பொய்யைப் பிற்காலத்தவர் யாரும் எழுதிச் சேர்த்திருக்க முடியாது. இது மூலபாடம்.

பையன் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, "வரேன் சித்தப்பா" என்று மாடிப்படியில் இரண்டிரண்டு படியாகத் தாவினான். அவர் அவன் போவதைப் பார்த்துவிட்டு, நாற்காலியை எனக்குப் பக்கத்தில் நகர்த்திப் போட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"சார், நிஜமா எங்க சார் போயிருந்தான்?"

பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி, காரணம் என்ற கட்டத்தைக் காட்டினேன்.